ககாவுஸ் மக்களும் அவர்களது தன்னாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபர் 20 அன்று மால்டோவாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதை நாட்டின் குறிக்கோளாக அரசமைப்புச் சட்டத்தில் எழுதலாமா என்பதுதான் கேள்வி. 50.35 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். நூலிழையில் தப்பித்தது. அதே நாட்டின் தெற்கு மூலையில், ககாவுசியா என்கிற சின்னஞ்சிறு பகுதியில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேண்டாம் என்று குத்தினார்கள். அன்றிலிருந்து நண்பர்கள், மாணவர்கள், மால்டோவாவின் தலைநகர் கிஷினாவுக்கு மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்டவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ககாவுஸ்னா யாரு? பேரையே இப்பத்தான் கேள்விப்படுறேன்.

துருக்கியோடு நெருங்கிய உறவுள்ள ஒரு மொழியைப் பேசுகிற, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்த மக்கள். பெரும்பாலோர் ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கும் மால்டோவாவின் தெற்கில் வாழ்கிறார்கள். 2014 கணக்கெடுப்பில் மால்டோவாவில் தம்மை ககாவுஸ் என்று பதிந்தவர்கள் சுமார் 1,26,000 பேர். எல்லைக்கு அந்தப் பக்கம், உக்ரைனில், 2001 கணக்குப்படி ஏறக்குறைய 32,000 பேர்; பெரும்பாலோர் ஒதேசா மாகாணத்தில். பல்கேரியாவின் வார்னா கடற்கரையிலும் கிரீஸின் வடக்கிலும் சிறு எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

அவர்களது தன்னாட்சிப் பகுதிக்கு அவர்கள் மொழியில் ககாவுஸ் யெரி என்று பெயர். ககாவுஸ்களின் இடம் என்று பொருள். தலைநகர் கொம்ராத். கிஷினாவிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர். மார்ஷ்ருத்கா என்று சொல்லும் சிறு வேனில் இரண்டு மணி நேரம் நெருக்கியடித்து உட்கார்ந்து போகவேண்டும். வழியெல்லாம் சாலையோர வால்நட் மரங்கள், சூரியகாந்தி வயல்கள், திராட்சைத் தோட்டங்கள். கொம்ராத்தின் முக்கியத் தெருவுக்கு இன்னமும் லெனின் பெயர்தான். அவர் சிலையும் அங்கேயே நிற்கிறது.

துருக்கி மொழி பேசுறவங்க எப்படி கிறிஸ்தவங்களா இருக்காங்க? முஸ்லிம் இல்லையா?

இல்லை. மொழியையும் மதத்தையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்துப் பழகிவிட்டதால் இந்தக் கேள்வி எழுகிறது. ககாவுஸ் தேவாலயத்துக்குள் போனால் அந்தக் கட்டு தானாக அவிழும். ஜெபத்தில் கடவுளுக்கு அவர்கள் சொல்லும் சொல் அல்லா. மரியன்னைக்குப் பனாயா, புனிதருக்கு அயோஸ். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. தந்தைக்கு போபா. ஒரே ஜெபத்துக்குள் அரபு, கிரேக்கம், துருக்கியம் மூன்றும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

பண்டிகைகளும் அப்படியே. மே 6 புனித ஜார்ஜ் திருநாள். அவர்கள் அதை ஹெதெர்லெஸ் என்கிறார்கள். அதே நாளில் துருக்கியில் முஸ்லிம்களும் அதே பெயரில் வசந்த விழா கொண்டாடுகிறார்கள். நவம்பர் 8 புனித தெமெத்ரியுஸ் நாள், பெயர் காஸிம். ஆட்டு மந்தைகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவது ஹெதெர்லெஸ் அன்று. திருப்பிக் கொண்டுவருவது காஸிம் அன்று. இடையர்களுக்குக் கூலி பேசியதும் இந்த இரண்டு நாளை வைத்துத்தான். குர்பான் என்ற பெயரில் ஆடு அறுத்து, இறைச்சியை உடைத்த கோதுமையோடு சமைத்து, பாதிரியார் ஆசீர்வதித்த பிறகு ஊரோடு பகிர்ந்து உண்கிறார்கள்.

அப்போ இவங்க மதம் மாறின துருக்கியரா, மொழி மாறின பல்கேரியரா?

அறிஞர்களிடையே தீராத வழக்கு இது. மூன்று கருத்துகள் முக்கியமானவை. முதலாவது, 13ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தஞ்சம் புகுந்த செல்ஜுக் சுல்தான் இரண்டாம் இஸ்ஸெத்தீன் கைகாவுஸுடன் வந்து கருங்கடலின் மேற்குக் கரையிலுள்ள தோப்ருஜாவில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள், கைகாவுஸ் என்ற பெயரே ககாவுஸ் ஆனது என்பது. இரண்டாவது, அதற்கும் முன்பே கருங்கடலின் வடக்கு வழியாக வந்த பெச்செனெகு, ஊஸ், குமான் ஆகிய துருக்கியக் கூட்டத்தார் பால்கனில் கிறிஸ்தவம் ஏற்றார்கள் என்பது. மூன்றாவது, ஒட்டோமான் ஆட்சியில் மதத்தை விடாமல் மொழியை மட்டும் மாற்றிக்கொண்ட உள்ளூர் பல்கேரியர், கிரேக்கர் என்பது.

எந்தக் கருத்தை யார் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். துருக்கியில் முதல் இரண்டும் செல்லம், பல்கேரியாவில் மூன்றாவது. மரபணு ஆய்வுகள் அவர்களைப் பால்கன் அயலாருக்கு நெருக்கமாகக் காட்டுகின்றன. ஆனால் ரத்தத்தை அளந்து ஒரு மக்களின் பெயரைத் தீர்மானிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கொம்ராத்தில் ஒருவரிடம் நீங்கள் துருக்கியரா, பல்கேரியரா என்று கேட்டால் வரும் பதில், ககாவுஸ். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை.

பல்கேரியா பக்கம் இருந்தவங்க மால்டோவாவுக்கு எப்படி வந்தாங்க?

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரஷ்யாவும் ஒட்டோமான் பேரரசும் ஓயாமல் போரிட்டன. போர்க்களமாகிப்போன வடகிழக்கு பல்கேரியாவிலிருந்தும் தோப்ருஜாவிலிருந்தும் பல்கேரியரும் ககாவுஸ்களும் தன்யூப் ஆற்றைக் கடந்து வடக்கே வந்தார்கள். 1812இல் புக்கரெஸ்ட் உடன்படிக்கைப்படி, இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதி அடங்கிய பெசராபியா ரஷ்யாவிடம் போனது. அதன் தெற்கிலுள்ள புஜாக் புல்வெளியில் வாழ்ந்த நோகாய் தாத்தார்கள் அதற்குள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். காலியான நிலத்தில் ஆட்களைக் குடியேற்றவேண்டிய தேவை ஜார் அரசுக்கு இருந்தது.

வந்தவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள், சில ஆண்டுகளுக்கு வரி இல்லை, படையில் சேரக் கட்டாயமில்லை. அகதியாக வந்து நிலம் பெற்ற குடும்பத்தில் அந்த நன்றி தலைமுறை தாண்டியும் நிற்கும். அடுத்த பதிலுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கி இனம்கிறீங்க, ஆனா ரஷ்யா மேல ஏன் இவ்வளவு பாசம்?

1910இல் கொம்ராத்தில் பிறந்து ஊரைவிட்டு நகராத ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தது ஜாரின் ரஷ்யாவில். எட்டு வயதில் ருமேனியப் பிரஜை. முப்பது வயதில் சோவியத். அடுத்த ஆண்டே மறுபடி ருமேனியா. 1944இல் மறுபடி சோவியத். எண்பது தாண்டியும் இருந்திருந்தால் மால்டோவாக் குடிமகள். இந்த ஆட்சிகளில் எதையும் அவர் கேட்டு வாங்கவில்லை. ருமேனிய ஆட்சியின் நினைவு, பள்ளியில் திணிக்கப்பட்ட மொழியும் ஊர்க்காவலரின் பிரம்பும். ரஷ்ய ஆட்சியின் நினைவு, முன் பதிலில் சொன்ன நிலம். பிறகு பள்ளி, தொழிற்சாலை, மாஸ்கோவில் வேலை.

ஆனால் இந்தக் கதை முழுசு இல்லை. இதைச் சொல்லாமல் விடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 1946-47இல் வறட்சியோடு சோவியத் அரசின் கட்டாய தானியக் கொள்முதலும் சேர்ந்து மால்டோவாவில் லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பஞ்சத்தில் கொன்றது. மிகக் கடுமையாக அடிபட்டவை தெற்குக் கிராமங்கள், அதிலும் ககாவுஸ் ஊர்கள். 1949இல் குடும்பம் குடும்பமாக நாடுகடத்தினார்கள். அதே மாஸ்கோவைத்தான் அவர்கள் பேரப்பிள்ளைகள் காவல் என்று நம்புகிறார்கள். காரணம், ரஷ்ய மொழி. படிப்பு, தொலைக்காட்சி, வேலை எல்லாம் அந்த மொழியில் வந்ததால், உலகம் அந்தச் சன்னல் வழியாகவே தெரிகிறது. பாசம் என்பதைவிடப் பழக்கமும் பயமும் என்று சொல்வேன். ருமேனியாவுடன் மால்டோவா ஒருநாள் இணைந்தால் தங்கள் பெயரே கரைந்துபோகும் என்ற பயம்.

1990ல தனி நாடுன்னு அறிவிச்சாங்களாமே? சண்டை நடந்துச்சா?

அறிவித்தார்கள். ஆனால் போர் வரவில்லை. 1989 ஆகஸ்ட் 31 அன்று சோவியத் மால்டோவா, லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மால்டோவ மொழியை ஆட்சிமொழியாக்கியது. அந்த மொழி தெரியாத, ரஷ்ய மொழியில் படித்த ககாவுஸ் ஊழியர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ககாவுஸ் ஹல்கி (ககாவுஸ் மக்கள்) என்ற இயக்கம் தலையெடுத்தது. 1990 ஆகஸ்ட் 19 அன்று கொம்ராத்தில் ககாவுஸ் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஸ்தெபான் தோபால் அதன் தலைவரானார். நீலக் கொடியில் ஓநாய்த் தலை.

அக்டோபரில் அவர்கள் தேர்தல் நடத்த முனைந்தபோது, மால்டோவப் பிரதமர் மிர்ச்சா துருக் என்பவரின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான மால்டோவத் தொண்டர்கள் பேருந்துகளில் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். இந்தப் பக்கம் ககாவுஸ் ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் நின்றார்கள். சோவியத் உள்துறைப் படை நடுவில் வந்து நின்றது. ரத்தக்களரி தவிர்க்கப்பட்டது. பக்கத்திலேயே, மால்டோவாவின் கிழக்கில் பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில் 1992இல் போர் மூண்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பிணக்கு இன்றும் தீரவில்லை. ககாவுஸ்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். 1994 டிசம்பர் 23 அன்று மால்டோவா நாடாளுமன்றம் அவர்களுக்குத் தனிச் சட்டத் தகுதி கொடுத்தது. முன்னாள் சோவியத் நிலத்தில் துப்பாக்கி இல்லாமல் தீர்ந்த இனப் பிணக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இது ஒன்று. உலகம் இதை இன்னும் நிறையப் பேசியிருக்கவேண்டும்.

(அதற்கும் முன்பு, 1906 ஜனவரியில், ரஷ்யப் புரட்சி அலையில் ஒரு கொம்ராத் குடியரசு சில நாள் இருந்தது. அந்தக் கதையைக் கொம்ராத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.)

தன்னாட்சின்னா கையில என்ன அதிகாரம் இருக்கு?

ஹல்க் தோப்லுஷு என்ற 35 பேர் கொண்ட மக்கள் மன்றம் இருக்கிறது. கல்வி, பண்பாடு, உள்ளூர்ப் பொருளாதாரம் போன்றவற்றில் அது சட்டம் இயற்றலாம். பாஷ்கான் என்ற தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பதவி வழியாகவே மால்டோவா அரசிலும் உறுப்பினர். ககாவுஸ், மால்டோவம் (ருமேனியம்), ரஷ்யம் மூன்றும் ஆட்சிமொழிகள். படை, வெளியுறவு, நாணயம் எல்லாம் கிஷினாவ் கையில்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 1994 சட்டத்தின் முதல் பிரிவில் உள்ள ஒரு வரி. சுதந்திர நாடு என்ற மால்டோவாவின் தகுதி மாறினால், ககாவுஸ் மக்களுக்கு வெளிப்புறத் தன்னுரிமை, அதாவது பிரிந்துபோகும் உரிமை உண்டு. மேலே சொன்ன ருமேனிய இணைப்புப் பயத்துக்கு எழுதப்பட்ட மருந்து அது. சிக்கல் என்னவென்றால், சட்டம் பல இடங்களில் பொதுப்படையாக எழுதப்பட்டது. யார் எதைச் செய்யலாம் என்ற எல்லைக்கோடு தெளிவில்லை. முப்பது ஆண்டுகளாக நடக்கும் இழுபறியில் பாதி அந்தத் தெளிவின்மையால் வந்தது.

வரைபடத்துல பார்த்தா துண்டு துண்டா சிதறிக் கிடக்கே, ஏன்?

ஊர் ஊராக மக்களைக் கேட்டுச் சேர்த்ததால். ககாவுஸ்கள் பாதிக்கு மேல் இருந்த ஊர்களுக்குத் தன்னாட்சியில் இடம் என்றும், மற்ற ஊர்கள் விரும்பினால் வாக்களித்துச் சேரலாம் என்றும் சட்டம் சொன்னது. 1995 மார்ச் 5 வாக்கெடுப்புக்குப் பிறகு 30 ஊர்கள் சேர்ந்தன. நடுவே பல்கேரிய, மால்டோவ, உக்ரைனிய ஊர்கள் கிடக்கின்றன. அதனால் கொம்ராத்தும் சியாதிர்-லுங்காவும் ஒரு பக்கம், வுல்கனெஷ்ட்டி தெற்கே தனியாக ஒரு பக்கம், இன்னும் சில ஊர்கள் தீவு மாதிரி. நிர்வாகத்துக்குத் தலைவலிதான். ஆனாலும் மேலிருந்து கோடு கிழிக்காமல் கேட்டு வரைந்த எல்லை என்பதால் எனக்கு அந்த வரைபடம் பிடிக்கும்.

துருக்கி சொந்தக்காரன் மாதிரி என்ன செய்யுது?

நிறையச் செய்கிறது, சத்தமில்லாமல். 1930களில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் துருக்கித் தூதராக இருந்த ஹம்துல்லா சுப்ஹி தன்ரிஒவெர் ககாவுஸ்களைத் தேடிப்போய், மாணவர்களைத் துருக்கிக்கு அனுப்பினார். 1994இல் தன்னாட்சிப் பேச்சுக்கு நடுவே அதிபர் தெமிரெல் வந்தார். மால்டோவாவோடு ஒத்துப்போங்கள் என்பதுதான் அங்காராவின் நிலையான அறிவுரை. 2018 அக்டோபரில் எர்தோவான் கொம்ராத் வந்தார். குடிநீர்த் திட்டம், பள்ளி, நூலகம், உதவித்தொகை என்று துருக்கிப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. ககாவுஸ் பெண்கள் ஏராளமானோர் இஸ்தான்புல் வீடுகளில் குழந்தை, முதியோர் பார்க்கும் வேலைக்குப் போகிறார்கள். மொழி அங்கே கைகொடுக்கிறது.

இத்தனை இருந்தும் வாக்குப்பெட்டியில் துருக்கிக்கு எடை இல்லை. ஊர்க் குடும்பங்கள் மாலையில் பார்க்கும் தொலைக்காட்சி ரஷ்ய மொழியில் இருந்ததுதான் வேறுபாடு.

2014ல ரஷ்யாவோட சேர வாக்கெடுப்பு நடத்தினாங்களே, அது செல்லுமா?

சட்டப்படி செல்லாது என்றது கிஷினாவ். அதையும் மீறி 2014 பிப்ரவரி 2 அன்று நடத்தினார்கள். ரஷ்யா தலைமையிலான சுங்க ஒன்றியத்தில் சேர 98.4 விழுக்காடு ஆதரவு. நாடு சுதந்திரத்தை இழந்தால் பிரியும் உரிமைக்கும் ஏறக்குறைய அதே அளவு. ரஷ்யாவோடு சேர என்று சொல்வது பிழை. நாட்டைவிட்டுப் பிரிய என்று கேள்வி இல்லை. பிரியும் உரிமை பற்றிய கேள்வி, 1994 சட்டத்தில் ஏற்கெனவே உள்ள உரிமையையே மறுபடி கேட்டது.

பின்னணியில் ஒயின் இருந்தது. 2006லும் 2013லும் மால்டோவா ஒயினை ரஷ்யா தடை செய்தது. பிறகு ககாவுஸ் ஒயின் ஆலைகள் சிலவற்றுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது. திராட்சையை நம்பி வாழும் ஊருக்கு அந்தச் செய்தி எந்தப் பிரச்சாரத்தையும்விட உரக்கக் கேட்கும்.

இவங்க தலைவர் ஜெயில்ல இருக்காங்கன்னு படிச்சேனே?

எவ்கேனியா குட்சுல். 2023 மே மாதத்தில் இரண்டாம் சுற்றில் பாஷ்கானாக வென்றவர். நிறுத்தியது, வங்கி மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டுத் தப்பியோடிய தொழிலதிபர் இலான் ஷோரின் கட்சி. அடுத்த மாதமே அரசமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்சியைத் தடை செய்தது. குடியரசுத் தலைவர் மாயா சந்து அவரை அரசின் உறுப்பினராக நியமிக்கும் ஆணையில் கையெழுத்திட மறுத்தார். 2024 மார்ச்சில் குட்சுல் ரஷ்யா சென்று புதினைச் சந்தித்தார். 2025 மார்ச்சில் கிஷினாவ் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். ஆகஸ்ட் 5 அன்று, ரஷ்யாவிலிருந்து வந்த பணத்தைக் கட்சிக்குக் கடத்திய குற்றத்துக்காக நீதிமன்றம் ஏழு ஆண்டு சிறை விதித்தது. அவர் குற்றத்தை மறுக்கிறார்.

தலைவர் செய்த குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். தன்னாட்சிக்குத் தண்டனை கூடாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு கிஷினாவுக்கு இருந்தது. அரசில் பாஷ்கானின் நாற்காலி காலியாகக் கிடந்தபோது, அந்த நாற்காலி தங்களுடையது என்றுதான் கொம்ராத்தில் சாதாரண மக்கள் நினைத்தார்கள்.

தன்னாட்சி இருக்கு, அப்புறம் என்ன, சொந்த மொழியில படிக்கலாமே?

இதுதான் என்னை மிகவும் உறுத்துகிற கேள்வி. பெரும்பாலான பள்ளிகளில் பாடமொழி ரஷ்யம். ககாவுஸ் வாரத்தில் சில மணி நேரம் வரும் ஒரு பாடம் மட்டும். அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் அது இருக்கிறது. கொம்ராத் சந்தையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்ற ஒரு பாட்டியைக் கால் மணி நேரம் கவனித்துக்கொண்டு நின்றேன். மகனிடம் ககாவுஸில் கணக்குக் கேட்டார். ஓடிவந்த பேரனை ரஷ்ய மொழியில் அதட்டினார். பேரன் ரஷ்ய மொழியிலேயே பதில் சொன்னான். மூன்று தலைமுறையும் ஒரே தள்ளுவண்டிக்குப் பின்னால்.

இத்தனைக்கும் இந்த மொழிக்காக உழைத்தவர்கள் சாமானியர்கள் அல்லர். பாதிரியார் மிஹாயில் சாகிர் (1861-1938) வேத நூல்களை மொழிபெயர்த்தார், வரலாறு எழுதினார், அகராதி செய்தார். 1957இல், ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்து ககாவுஸுக்குக் கிடைத்தது. அதில் முக்கியப் பங்கு தியோனிஸ் தனாசோக்லுவுக்கு. 1988இல் அனா சொஸு (தாய்ச்சொல்) செய்தித்தாள் தொடங்கியது. 1996இல் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். பெஷால்மா ஊரில் கவிஞர் திமித்ரி கராசோபான் பழம்பொருள்களைத் திரட்டி அருங்காட்சியகமே அமைத்தார்.

தமிழருக்கு ஒரு சுவாரசியம்: துருக்கியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் ஒட்டுமொழி. ககாவுஸ் மட்டும் அயல் ஸ்லாவிய மொழிகளின் பழக்கத்தில் வினையை நடுவுக்கு நகர்த்திக்கொண்டது. 'போகிறேன் கொம்ராத்துக்கு' என்கிற மாதிரி. பெண்ணைக் குறிக்க ஸ்லாவிய விகுதியையும் வாங்கிக்கொண்டு, ககாவுஸ் பெண்ணை ககாவுஸ்கா என்கிறது.

எப்பவும் ரஷ்யா பக்கம் வாக்குப் போடுறவங்கன்னா இவங்க ரஷ்யாவோட கைப்பாவைதானே?

2024 நவம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ககாவுசியாவில் 97 விழுக்காடு பெற்றவர் அலெக்சாந்தர் ஸ்தோயானோக்லோ. அவர் முன்னாள் தலைமை வழக்கறிஞர். கொம்ராத்தில் பிறந்த ககாவுஸ்காரர். அந்த வாக்கில் ரஷ்யச் சார்பு எவ்வளவு, நம்மவர் என்ற பெருமை எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? வாக்குகளை விலைக்கு வாங்கப் பணம் பாய்ந்தது உண்மை; அதற்கு வழக்குகளும் நடக்கின்றன. ஆனால் 95, 97 என்று வரும் எண்ணைப் பணத்தால் மட்டும் விளக்க முடியாது. ரஷ்யா பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள்.

நாளைக்கு மால்டோவா ஐரோப்பிய ஒன்றியத்துல சேர்ந்தா பிரிஞ்சு போயிடுவாங்களா?

1994 சட்டத்தின் அந்த வரி, சுதந்திர நாடு என்ற தகுதி மாறுவதைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றியத்தில் சேரும் நாடு சுதந்திர நாடாகவே இருக்கிறது. ஆகவே அந்த வரி இதற்குப் பொருந்தாது என்றே நான் படிக்கிறேன். கொம்ராத்தில் சிலர் வேறு மாதிரி வாதிடுவார்கள். ருமேனியாவுடன் இணைப்பு என்றால் கதை வேறு. அப்போது அந்த வரி உயிர் பெறும். தவிர, துண்டு துண்டாகக் கிடக்கும், ரஷ்யாவோடு எல்லையே இல்லாத நிலம் பிரிந்து எங்கே போகும்? இளைஞர்கள் ஏற்கெனவே மாஸ்கோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் ஜெர்மனிக்கும் பிரிந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியா, உங்க மனசுல யார் பக்கம் நியாயம்?

தன்னாட்சியைக் காப்பாற்றவேண்டும் என்பதில் ககாவுஸ்கள் பக்கம். அந்தத் தன்னாட்சியைத் தங்கள் மொழிக்குப் பயன்படுத்தாமல் விட்டதில் அவர்கள் தலைவர்கள்மேல் வருத்தம். மூன்று பத்தாண்டு கல்வி அதிகாரம் கையில் இருந்தும் ககாவுஸ் பாடமொழியாகவில்லை. கிஷினாவ் மேலும் வருத்தம் உண்டு. ருமேனியம் தெரியவில்லை என்று ககாவுஸ் பிள்ளைகளைக் குறை சொல்லும் தலைநகரம், அந்த ஊர்களுக்கு நல்ல ருமேனிய ஆசிரியர்களை அனுப்பவும் வைத்திருக்கவும் போதிய முயற்சி எடுக்கவில்லை.

கிஷினாவிடம் நான் கேட்பது: வரிப் பங்கானாலும் அதிகார எல்லையானாலும் பெரும்பான்மை பலத்தில் மாற்றாமல், 1994இல் செய்ததுபோல எதிரே உட்காரவைத்துப் பேசி மாற்றுங்கள். கொம்ராத்திடம் கேட்பது அதைவிடச் சின்னது. ஒரு ஊரில், ஒரு பள்ளியில், முதல் வகுப்பு முழுவதையும் ககாவுஸ் மொழியில் நடத்திப் பாருங்கள். அந்தச் சந்தைப் பாட்டியின் பேரனுக்குத் தங்கை இருந்தால், அவள் அதில் சேரட்டும்.